புரிகிற மொழி

1

2024 ஜூலை 5 அன்று சென்னையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். கமிஷனர் மாற்றப்பட்டார். புதிதாக வந்தவர், ரௌடிகளுக்கு எந்த மொழி புரியுமோ அந்த மொழியில் சொல்லிக்கொடுக்கப்படும் என்ற பொருளில் பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். ஒரு வாரம் முடிவதற்குள், ஜூலை 14 அதிகாலையில், அந்தக் கொலை வழக்கில் பிடிபட்டுப் போலீஸ் காவலில் இருந்த ஒருவர் மாதவரம் பக்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒளித்து வைத்த ஆயுதத்தை எடுத்துத்தர அழைத்துச் சென்றோம், தப்பி ஓடினார், எங்களை நோக்கிச் சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். செப்டம்பரில் ஆறு நாள் இடைவெளிக்குள் சென்னையில் மேலும் இருவர். அவர்களில் ஒருவரும் ஒளித்து வைத்த ஆயுதத்தை எடுத்துத்தரப் போனவர்தான்.

அந்தப் பேச்சுக்கும் இந்தச் சாவுகளுக்கும் முடிச்சுப் போடுவது என் வேலை இல்லை. அதைச் செய்ய விசாரணை வேண்டும், சாட்சி வேண்டும். விசாரணையில்லாமல் முடிவு கட்டுவதைக் கண்டித்து எழுத வந்தவன் அதையே செய்யக்கூடாது. என் கவலை அந்த வாக்கியத்தில் இருந்த 'மொழி' என்ற சொல்லைப் பற்றியது. துப்பாக்கி ஒரு மொழி என்று ஒரு பொறுப்பான அரசு அதிகாரியின் பேச்சை நாடு முழுக்க அர்த்தப்படுத்திக்கொண்டது. யாரும் விளக்கம் கேட்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. மொழியையே தொழிலாகக் கொண்ட நாம், கவிஞர்களும் விமர்சகர்களும், வழக்கம் போல் படிமத்தைப் பற்றியும் இருண்மையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். நம் கடையிலிருந்து நம் சரக்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நாம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

2

என்கவுன்டர் என்பது சாவாக ஆவதற்கு முன்பும், ஆன பின்பும், ஒரு கதை. இலக்கியத் தரம் பற்றி மூச்சுக்கு மூச்சு பேசுகிற நாம் இதைக் கதையாகவாவது படித்திருக்க வேண்டும். நேரம் அநேகமாக அதிகாலை. இடம் ஆள் நடமாட்டம் இல்லாத வெளி. பாத்திரங்கள் போலீஸாரும் அந்த ஒருவனும். காரணம், ஆயுதத்தைக் கைப்பற்றப் போவது அல்லது நடந்ததை நடித்துக் காட்டச் சொல்வது. திருப்பம், அவன் கையில் எப்படியோ ஒரு நாட்டுத் துப்பாக்கியோ கத்தியோ வந்துவிடுவது. அதிகாரி ஒருவருக்குக் கையில் காயம். பிறகு தற்காப்பு. பிறகு அரசு மருத்துவமனை. வழியிலேயே இறந்துவிட்டதாக டாக்டர் சொல்வது. ஒரு தொடர்கதை ஆசிரியர் இதே முடிச்சை மூன்றாவது முறை எழுதினால் வாரப் பத்திரிகைகூடத் திருப்பி அனுப்பிவிடும். போலீஸ் எழுதினால் முதல் பக்கத்தில் வருகிறது.

நடையையும் கவனிக்க வேண்டும். 'மோதல்' என்ற சொல்லுக்கு இரண்டு தரப்பு வேண்டும். இரண்டு பேர் மோதிக்கொள்ளலாம். பஸ்ஸும் லாரியும் மோதலாம். பத்துப் பேர் காவலில் வைத்திருக்கும் ஒருவன் எப்படி மோதுகிறான் என்று இந்தச் சொல்லே கேட்டிருக்க வேண்டும். கேட்கவிடாமல் பழக்கிவிட்டோம். அடுத்தது வினை. 'சுட்டுக்கொல்லப்பட்டார்' என்ற செயப்பாட்டு வினையில் சுட்டவன் காணாமல் போகிறான். மூன்றாவது, 'கூறப்படுகிறது' என்கிற பாதுகாப்புச் சொல். செத்தவனின் மனைவி, 'முந்தின நாளே வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள்' என்று சொன்னால் அதன் வாலில் 'என்று கூறப்படுகிறது' ஒட்டிக்கொள்ளும். போலீஸ் சொன்னதற்கு அந்த வால் பெரும்பாலும் கிடையாது. அது நேரடியாக நடந்த சம்பவமாகவே அச்சேறுகிறது. நிருபர் அதிகாலையில் அந்த வெளியில் நின்று பார்த்தது போல.

இதைவிட மோசமான விஷயம், இந்தக் கதையை யாரும் நம்புவதில்லை என்பது. டீக்கடையில் யாரும் 'மோதல்' என்று சொல்லமாட்டார்கள். 'போட்டுட்டாங்க' என்பார்கள். ஜனங்களின் வாய்மொழி பத்திரிகைத் தமிழைவிட உண்மையானது. அதில் எழுவாய் இருக்கிறது, செயல் இருக்கிறது. ஆனால் அந்த உண்மை தெரிந்திருப்பதால் எதுவும் நடப்பதில்லை. பொய் என்று தெரியும், தெரிந்தும் சரிதான் என்பார்கள். பொய்யை நம்பி ஏமாந்தவனைத் திருத்தலாம். பொய்யென்று தெரிந்தே கண்ணடிக்கிறவனை என்ன செய்வது?

இந்தக் கண்ணடிப்புக்கு ஒரு பாலபாடம் உண்டு. அதன் பெயர் மாவுக்கட்டு. பிடிபட்டவன் கையிலோ காலிலோ மாவுக்கட்டுடன் நிற்கும் புகைப்படம் வரும். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று விளக்கம் வரும். தமிழ்நாடு முழுக்கச் சிரிக்கும். போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூமில் மட்டும் ஏன் இவ்வளவு வழுக்கல் என்று துணுக்கு எழுதுவார்கள். ஒரு மனிதனின் எலும்பை உடைத்ததை ஒரு சமூகம் சேர்ந்து நகைச்சுவையாக ரசிக்கப் பழகிவிட்டால், அடுத்த பாடத்துக்கு அதிக தூரம் இல்லை. முதல் வகுப்பில் எலும்பு, மேல் வகுப்பில் உயிர்.

3

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது சுருக்கமாகத்தான் இருக்கிறது. கைதுக்கு உடன்படாதவனைப் பிடிக்கத் தேவையான வழிகளைக் கையாளலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவனைச் சாகடிக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை. இது 1898-இல் வெள்ளைக்காரன் எழுதியது, 46-ஆம் பிரிவு. 1973-இல் புதுச் சட்டம் வந்தபோதும் அதே எண். 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயர் சமஸ்கிருதத்துக்கு மாறி, பிரிவு 43 ஆயிற்று, விஷயம் மாறவில்லை. பெரிய குற்றம் சாட்டப்பட்டவன் விஷயத்திலும் இது கைது செய்வதற்கான பிரிவே தவிர தண்டிப்பதற்கானது அல்ல. ஏற்கெனவே கைதாகிக் காவலில் இருப்பவனை இன்னொரு முறை கைது செய்ய என்ன இருக்கிறது?

மிஞ்சுவது தற்காப்பு. அது எல்லோருக்கும் உள்ள உரிமை, போலீஸ்காரருக்கும் உண்டு. ஆனால் தற்காப்புக்காகக் கொன்றேன் என்கிறவன் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலிருந்து இதுதான் விதி. நானோ நீங்களோ ஒருவனைக் கொன்றுவிட்டுத் தற்காப்பு என்றால் கூண்டில் ஏறித்தான் சொல்ல முடியும். என்கவுன்டரில் நெடுங்காலமாக நடந்து வந்தது என்ன? செத்தவன் மீது கொலை முயற்சி வழக்கு. குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது. பிணம் குற்றவாளி, கொன்றவர் புகார்தாரர். இப்படி ஒரு தலைகீழ் அபத்தத்தை நம் அபத்த நாடகக்காரர்கள் யாரும் யோசித்ததில்லை.

தேசிய மனித உரிமைகள் கமிஷன் இதைத் திருத்தச் சொல்லி 1997-இல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பதினாறு நெறிகளை வகுத்தது: வழக்குப் பதிய வேண்டும், வேறு ஸ்டேஷன் போலீஸோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். சம்பவம் நடந்த சூட்டோடு பதவி உயர்வும் வீரப் பரிசும் தரக்கூடாது. இந்தக் கடைசி நெறியை யோசித்துப் பாருங்கள். கொன்றதற்குப் பரிசு தராதே என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

விசாரித்தால் என்ன தெரியவரும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1970 பிப்ரவரியில் வயநாட்டுத் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் 'மோதலில்' இறந்தார் என்று கேரளப் பத்திரிகைகள் எழுதின. இருபத்தெட்டு ஆண்டுகள் அதுதான் வரலாறு. 1998-இல் ராமச்சந்திரன் நாயர் என்ற கான்ஸ்டபிள், பிடித்து வைத்திருந்தவரை மேலதிகாரி உத்தரவின்படி நான்தான் சுட்டேன் என்று வெளியே சொன்னார். 2010-இல் ஓய்வுபெற்ற ஐ.ஜி. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வாக்குமூலம் தந்த கான்ஸ்டபிள் அதைப் பார்க்க உயிருடன் இல்லை. ஒரு செய்தியின் ஒரு சொல்லைத் திருத்த நாற்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு மனிதனின் மனச்சாட்சி தற்செயலாகத் தாங்க முடியாமல் போனதால். மனச்சாட்சி தாங்கிக்கொண்ட இடங்களில் எத்தனை 'மோதல்'கள் மோதல்களாகவே புதைந்திருக்கின்றன?

4

இனி நம் எதிர்ப்பின் யோக்கியதைக்கு வருகிறேன்.

2012 பிப்ரவரி 23 பின்னிரவில் சென்னை வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குள் ஐந்து பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். வங்கிக் கொள்ளையர் என்று சொன்னார்கள். வடக்கேயிருந்து வந்தவர்கள். அவர்கள்தான் கொள்ளையர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பே இல்லாமல் போயிற்று. சில மனித உரிமை அமைப்புகளைத் தவிர நகரம் நிம்மதியாகத் தூங்கியது. வீடு வாடகைக்கு விடும்போது வடக்கத்தியாரிடம் ஜாக்கிரதை என்பதுதான் அந்தச் சம்பவத்திலிருந்து நாம் கற்ற நீதி. மூன்று ஆண்டு கழித்து, 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை இருபது தமிழ்க் கூலிகளைச் சுட்டுக்கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள், கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள் என்று அதே கதை. பலர் ஜவ்வாது மலைப் பக்கத்து ஆதிவாசிகள். இம்முறை தமிழ்நாடு கொதித்தது. கொதித்தது சரி. ஆனால் 2012-இல் நாம் ஆந்திரமாக இருந்தோம் என்பதையும், 2015-இல் பிகாரின் இடத்தில் நின்றோம் என்பதையும் யார் எழுதினார்கள்? செத்தவன் நம் ஆளா என்று பார்த்துவிட்டு வருகிற கோபத்துக்குப் பெயர் நியாய உணர்வு இல்லை; அது சொந்தபந்தம்.

செத்தவன் நல்லவனா என்று கேட்பது இதன் அடுத்த வடிவம். 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்களில் பதின்மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். உடனே பேச்சு எங்கே போயிற்று? கூட்டத்தில் சமூக விரோதிகள் இருந்தார்களா என்பதற்கு. சமூக விரோதி என்ற சொல் விழுந்ததும், சுட உத்தரவிட்டது யார் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. சுட்டவர்களைப் பற்றிய விசாரணை செத்தவர்களின் நடத்தைச் சான்றிதழாக மாறுவதற்கு ஒரு சொல் போதும்.

ஹைதராபாத்தில் 2019 டிசம்பர் 6 அன்று நடந்தது இதன் உச்சம். ஒரு பெண் மருத்துவரை வல்லுறவு செய்து கொன்று எரித்த கொடூரத்துக்காகக் கைதான நால்வரும், சம்பவ இடத்தைக் காட்ட அழைத்துச் சென்றபோது விடியற்காலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஜனங்கள் போலீஸார் மீது பூத்தூவினார்கள். நீதிபதி சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை 2022-இல் வெளியானபோது, சாகடிக்கும் நோக்கத்துடன் வேண்டுமென்றே சுடப்பட்டது என்றும், நால்வரில் மூவர் சம்பவத்தின்போது வயது நிரம்பாதவர்கள் என்றும், பத்துப் போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் கண்டிருந்தது. பூத்தூவிய கைகள் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உதிர்த்த பூவை யாரால் கோக்க முடியும்?

5

நம் கலைகள் இந்த விஷயத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்ததும் கோணலாகவே இருக்கிறது. 'காக்க காக்க' (2003) போன்ற படங்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அவை என்கவுன்டரைத் தொழில் தர்மமாக்கி, அழகான ஒளிப்பதிவும் பாட்டும் சேர்த்துக் கொடுத்தன. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' புத்தகமும் அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை'யும் (2015) விலக்கு. லத்தியின் மறுமுனையிலிருந்து பார்த்தவை. எனக்குத் தொல்லை தருவது 'வேட்டையன்' (2024) மாதிரியான நல்லெண்ணப் படம். அங்கே நாயகனின் துயரம், தவறான ஆளைச் சுட்டுவிட்டோமே என்பது. அப்படியானால் சரியான ஆளைச் சுட்டிருந்தால்? அரங்கில் அந்தக் கேள்வி எழுவதில்லை. நிரபராதிக்காக அழுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குற்றவாளியைப் பற்றிய நம் தீர்ப்பை அது தொடுவதே இல்லை.

இந்தப் பிழை பழையது. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைக்களக் காதையில் காவலர்கள் முதலில் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி ஒரு பிரசங்கமே செய்கிறான். உடனே ஓர் இளம் காவலன், ஒரு மழைநாள் நள்ளிரவில் ஒரு கள்வன் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். ஆயுதத்தைப் பறித்தான் என்கிற கதை அன்றே இருக்கிறது. பிறகு குடிகாரன் ஒருவன் வாளை வீசுகிறான். கோவலன் பேச ஒரு வார்த்தைக்குக்கூட இடமில்லை. முதலில் கதை, அதன் பின் கொலை என்ற வரிசையை இளங்கோ இவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்கிறார்.

கண்ணகி செய்தது என்ன? காவல் கொலை ஒன்றை மறு விசாரணைக்கு எடுக்க வைத்தாள். அரசவைக்குப் போய், சாட்சியப் பொருளை உடைத்துக் காட்டினாள். உள்ளே இருந்தது மாணிக்கம், முத்தில்லை. நாம் அவளுக்கு 1968-இல் கடற்கரையில் சிலை வைத்தோம். 2001-இல் அந்தச் சிலை அகற்றப்பட்டபோது கொந்தளித்தோம். 2006-இல் திரும்ப வைத்தோம். இத்தனை ஆரவாரத்திலும் அவள் பத்தினி என்பதையே பேசினோம். அவள் கையில் இருந்தது ஒரு வழக்கு என்பதைப் பேசவில்லை.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதையும் தாண்டியது. சிலம்பின் உள்ளே முத்து இருந்திருந்தால்? கோவலன் உண்மையாகவே திருடியிருந்தால்? காப்பியம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை, நாமும் போனதில்லை. பாண்டியன் தப்பான ஆளைக் கொன்றான் என்று வருந்துகிறோம். பாண்டியனின் பிழை ஆள் மாறியதில் இல்லை, விசாரிக்காததில் இருக்கிறது. சிலம்பில் முத்தே இருந்திருந்தாலும் அந்தப் பிழை அப்படியே இருந்திருக்கும். கண்ணகியும் கடைசியில் யாரை விடுவது, யாரை எரிப்பது என்று தானே பட்டியல் போட்டு மதுரையைக் கொளுத்தினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் 'தீயவர்கள்' பட்டியலுக்கும் விசாரணை நடக்கவில்லை.

6

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். கோர்ட்டில் வழக்கு இருபது வருஷம் இழுக்கும் என்பார்கள். இழுக்கும்தான். இழுப்பது யார்? வழக்கை நடத்துகிற அரசு, நீதிபதிகளை நியமிக்காத அரசு, புலனாய்வை ஒழுங்காகச் செய்யாத அதே போலீஸ். தன் சோம்பலைத் தன் கொலைக்கு நியாயமாகக் காட்டுகிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் துயரத்தைப் பார் என்பார்கள். பார்க்கிறேன். அந்தக் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது யார், ஏன், யார் ஏவி என்பது. செத்தவன் வாய் திறக்கமாட்டான். என்கவுன்டரால் மிக அதிகமாக நிம்மதி அடைகிறவன், கொலைக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன்.

போலீஸ்காரரும் சாகிறாரே என்பது மூன்றாவது. இது நேர்மையான வாதம். நேராகவே பதில் சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்ற சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர்கள் என்று தேடப்பட்ட இருவரையும் ஒரு வாரத்துக்குள் உடுப்பியில் உயிரோடு பிடித்தார்கள். முடிகிறது என்பதற்கு இதுவே சாட்சி. 2017 டிசம்பரில் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தான் போன சென்னை இன்ஸ்பெக்டர் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர் சுட்டார்கள் என்று முதலில் செய்தி வந்தது. உடன் சென்ற சக அதிகாரியின் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்ததே காரணம் என்று ராஜஸ்தான் போலீஸ் பிறகு கண்டது. இறந்தவர் போலீஸ்காரர் என்பதாலும், விசாரித்தது வேறு மாநிலம் என்பதாலும், முதல் கதை பரிசோதிக்கப்பட்டது, பொய்த்தது. அந்த ஒரு பரிசோதனையைத்தான் செத்துப்போன ரௌடிக்கும் கேட்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ரௌடிக்காகப் பேசுகிறாயா என்று கேட்பார்கள். ஆமாம், அவனுக்காகத்தான். நல்லவனுக்காகப் பேச எல்லோரும் வருவார்கள். சட்டம் என்று ஒன்று இருப்பது, யாருக்கும் பிடிக்காதவனுக்கும் அது பொருந்துகிறதா என்பதில்தான் தெரியவரும்.

எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கண்டனக் கூட்டம் போடவோ அறிக்கையில் கையெழுத்துப் போடவோ நான் அழைக்கவில்லை. அவற்றில் கையெழுத்துகளின் வரிசை பற்றியே சண்டை வரும். நம் தொழிலைச் செய்வோம். 'மோதல்' என்று எழுதாமலிருப்போம். போலீஸ் சுட்டது, ஒருவர் இறந்தார், போலீஸ் இன்ன காரணம் சொல்கிறது, அது இன்னும் விசாரிக்கப்படவில்லை என்று எழுவாயும் பயனிலையும் வைத்து எழுதுவோம். மாவுக்கட்டுத் துணுக்குக்குச் சிரிக்காமலிருப்போம். 'புரிகிற மொழி' என்று யாராவது சொன்னால், எந்த மொழி, அதில் எதிராளி பதில் சொல்ல இடம் உண்டா என்று கேட்போம். பதில் சொல்ல இடமில்லாத ஒன்றை மொழி என்று அழைப்பதை மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளலாம். கவிதை எழுதுகிறவன் பொறுத்துக்கொண்டால் அவன் பேனாவை வேறு எதற்காவது பயன்படுத்தலாம்.